நறுமுகையின் வட்டு

செம்மேட்டில் பிள்ளைகளுக்குப் பதினோரு வயது நிறைந்த மறுநாள் ஓய்வு உத்தரவு வந்துவிடும். செவ்வாய்க் கிரகத்தின் அந்தக் குடியேற்ற நகரில் மனிதன் செய்ய வேண்டிய வேலை என்று எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் எடுபிடிகள் பார்த்துக்கொண்டன. எடுபிடி என்றால் ஆள் இல்லை. வீட்டுக்கு ஒன்றாக அரசாங்கம் கொடுத்த இயந்திரம். சமைக்கும், துவைக்கும், சளி பிடித்தால் மூக்கைக்கூடச் சிந்திவிடும். ஆகவே பதினோரு வயதில் ஒரு மாலையைப் போட்டு, சாய்வு நாற்காலி ஒன்றையும் கொடுத்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வைகுந்தன் அப்படி ஓய்வு பெற்று முப்பத்தொரு வருடம் ஆகிறது. நாற்காலியில் அவன் முதுகு பதிந்த பள்ளம் மட்டும்தான் அவன் சாதனை.

பதினோரு வயதை நெருங்கிக்கொண்டிருந்த தன் மகள் நறுமுகையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவனுக்கு உள்ளூர நடுக்கம். தப்பிக்க ஒரே வழி கைவேலைப் பள்ளி. என்றைக்காவது எடுபிடிகள் நின்றுபோனால் என்ன செய்வது என்று பயந்த யாரோ ஒரு புண்ணியவான் தொடங்கியது. வருடத்துக்கு நாற்பது இடம். சேர்ந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க வேலை உண்டு. மற்றவர்களுக்கு ஆயுள் முழுக்க நாற்காலி உண்டு.

நுழைவுத் தேர்வு கூடைவட்டில். செம்மேட்டில் எல்லாரும் ஆடும் ஆட்டம் அது. தட்டு மாதிரியான ஒரு வட்டை வீசி, தூரத்தில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். பந்து என்றால் நகரத்தை மூடியிருக்கும் கண்ணாடிக் கூரை உடையும் என்பதால் வட்டு. தேர்வுக்கு வருகிறவர்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குப்பையை உருக்கி, அச்சில் வார்த்து, வட்டையும் தாங்களே செய்துவர வேண்டும். எடுபிடி தொடவும் கூடாது, யோசனை சொல்லவும் கூடாது. வட்டைத் தன் கையால் செய்தவருக்கே இடம் என்று அறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அறிக்கை என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று ஊரே நினைத்துக்கொண்டது.

எதிர்வீட்டுக்காரர் போன வாரமே அச்சு வாங்கிவிட்டாராம். இந்த மனுஷன் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையே என்று வைகுந்தனின் மனைவி அங்கயற்கண்ணி பிடுங்கியெடுத்தாள். எழுந்தான்.

முதல் வட்டுக்கு, கிடைத்த மூடி, பை, குழாய்த்துண்டு எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினான். ஒன்றோடொன்று ஒட்டாமல் பொரியுருண்டை மாதிரி உதிர்ந்தது. மூடிகளை மட்டும் பொறுக்கி அடுத்ததை வார்த்தான். ஆறும்வரை பொறுக்க முடியாமல் அச்சைத் திறந்தான். பொரித்த அப்பளம் போல் வளைந்துகொண்டது. எடுபிடிக்கு எல்லாம் தெரியும், ஆனால் சட்டப்படி வாயைத் திறக்கக் கூடாது. மூலையில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. வைகுந்தனுக்கு மானம் போயிற்று.

நடுவில் ஒரு நாள் நறுமுகை தானே ஒரு வட்டு வார்த்தாள். ஒரு பக்கம் விளிம்பு தடித்திருந்தது. வீசினால் இடப்பக்கமாகவே ஓடியது. எங்கே தப்பு என்று அவளுக்குப் புரிந்தும்விட்டது. அடுத்ததில் சரிசெய்கிறேன் என்று குதித்தாள். வைகுந்தன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"விளையாட்டுக்கு இது நேரமில்லம்மா. நீ எறியற பழக்கத்த மட்டும் பாரு" என்று சொல்லி, அதையும் நறுக்கி உருக்கும் தட்டில் போட்டுவிட்டான்.

அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா உன் நல்லதுக்குத்தான் செய்கிறார் என்று அங்கயற்கண்ணி சமாதானம் சொன்னாள்.

மூன்று மாதத்தில் பத்தொன்பது வட்டு வீணாயிற்று. இருபதாவது கச்சிதமாக வந்தது. சூடு முழுக்க அடங்குவதற்குள் விளிம்பைச் சுற்றிலும் விரலால் அழுத்திச் சமன்செய்தபோது வைகுந்தனின் கட்டைவிரலில் கொப்புளம் கிளம்பியது. நாற்பத்திரண்டு வயதில் அவன் கண்ட முதல் கொப்புளம். அதை எடுபிடியிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டான். சொல்லப்போனால் அந்த மூன்று மாதம் போல் அவன் என்றுமே சந்தோஷமாக இருந்ததில்லை.

தேர்வு நாளில் நறுமுகை வீசிய வட்டு எண்பது மீட்டர் தாண்டிக் கூடையில் விழுந்தது. நீயே செய்தாயா என்று தலைமையாசிரியை செண்பகவடிவு கேட்டதற்கு, நானேதான் செய்தேன் என்று தடுமாறாமல் சொன்னாள். அதையும் வைகுந்தன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து மண்டபத்தில் பட்டியல் வாசித்தார்கள். "வைகுந்தன், வயது நாற்பத்திரண்டு" என்றார் தலைமையாசிரியை. அப்பா பெயரை முதலில் வாசிக்கிறார்கள் போலிருக்கிறது என்று மகளைக் கூட்டிக்கொண்டு மேடை ஏறினான். சீருடையை அவன் கையில் கொடுத்தார்கள். அரைக்கால் சட்டை, அவன் இடுப்பளவுக்குத் தைத்தது. நறுமுகையின் கழுத்தில் ஓய்வு மாலை விழுந்தது.

பள்ளியில் கைத்தடம்காணி என்று ஒரு கருவி இருந்தது. பிளாஸ்டிக் சூடாக இருந்தபோது அதை அழுத்திய விரல் யாருடையது என்று சொல்லிவிடும். நறுமுகையின் வட்டில் அது கண்டது வைகுந்தனின் விரல்.

"என் பொண்ணுக்காகத்தானே செஞ்சேன்" என்றான்.

"தெரியும் சார்" என்றார் செண்பகவடிவு. "பிளாஸ்டிக்க இனம்பிரிக்கக் கத்துக்கிட்டீங்க, ஆற வைக்கப் பொறுமை கத்துக்கிட்டீங்க. இங்க வேணுங்கறது அதுதான். உங்க பொண்ணு என்ன கத்துக்கிட்டா?"

பிள்ளைகளைத்தானே சேர்ப்பீர்கள் என்று வைகுந்தன் மன்றாடினான். அறிக்கையில் வயது வரம்பு எதுவும் இல்லை என்று எடுத்துக் காட்டினார்கள். அந்த வருடம் தேறிய நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் பெற்றோர். ஒருவர் தாய்மாமன். மிச்சமிருந்த ஒரே ஒருவன் பதினோரு வயதுப் பையன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஊரறிந்த சோம்பேறிகள்.

தேறாமல் ஓய்வு பெற்ற பிள்ளைகள் அடுத்த வருடம் ஒரே ஒரு முறை திரும்ப முயலலாம் என்று செண்பகவடிவு கடைசியில் இரக்கப்பட்டார்.

வெளியே நறுமுகை மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு தேம்பினாள். வைகுந்தனுக்கும் கண் கலங்கியது. பெற்ற மனம் கேட்குமா?

"அடுத்த வருஷம் நானே செய்யறேன்ப்பா" என்றாள்.

வைகுந்தன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். "நீ எதுக்கும்மா கஷ்டப்படணும்? இனிமே நான் முறையாப் படிக்கப் போறேன். அடுத்த வருஷம் கையுறை போட்டுக்கிட்டு செஞ்சு தர்றேன்."