வெள்ளைக் குதிரையே இல்லாத லாயம்

"ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டார் குவில்டர்.

"ஒண்ணுகூட இல்லீங்க," என்றார் குதிரைக்காரர்களின் தலைவர் ஜெட்ஜ். அதை அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெருமையாகவே சொன்னார். "நாப்பது வருஷமா ராஜாவோட லாயத்துல இருக்கேன். வெள்ளைக் குதிரையா? அதெல்லாம் கதையிலதான் வரும்."

சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். மைக்கூடுகளை நிரப்பிக்கொண்டிருந்த டமாரிஸும் 'ஆமாம்' என்பது போலத் தலையாட்டினாள். அவளும் அந்த லாயத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே!

லண்டன் அரண்மனையில் அந்த இடத்துக்குப் பெயர் ஓட்ஸ் அலுவலகம். பல நூறு வருடங்களுக்கு முன்னால், ராஜாவின் குதிரைகளுக்கு ஓட்ஸ் அளந்து போடத்தான் அது தொடங்கியது. பிறகு சேணம் வந்தது, லாடம் வந்தது. குதிரைகளின் பெயர், வயது, நிறம் எல்லாம் அங்கிருந்த பதிவேட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பெயர் மட்டும் மாறவில்லை. டமாரிஸின் அப்பாதான் அங்கே எழுத்தர். வீடும் அலுவலகத்தின் மாடியில்தான்.

அப்பா நான்கு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக இன்று காலையில் வந்தவர்தான் குவில்டர். நேற்றுவரை அவர் பார்த்த வேலை அரண்மனையின் மேசைவிரிப்புகளையும் கரண்டிகளையும் எண்ணுவது.

குவில்டர் ஊர்வலத்தை நடத்தும் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிரே நின்ற டமாரிஸ் அதைத் தலைகீழாகவே படித்தாள். அப்பாவின் மேசைக்கு எதிரே நின்று நின்று அவளுக்கு வந்த வித்தை அது.

'நாளைக் காலை ஊர்வலத்துக்கு ஆறு வெள்ளைக் குதிரைகள் கேட்டிருந்தீர்கள். இங்கே ஒன்றுகூட இல்லை. வெளியே வாடகைக்குப் பிடித்துக்கொள்ளவும். கேட்ட குதிரையைத் தர முடியாத இந்த அலுவலகத்தை மூடிவிடலாம் என்பது என் கருத்து.'

மூடுவதா? அப்பாவுக்கு வேலை போய்விடும். வீடும் போய்விடும்!

அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே ஜூனிப்பரைத் தண்ணீர் காட்டக் கூட்டிப் போனார்கள். அந்தப் பெண் குதிரை வெயிலில் பால்போலப் பளபளத்தது. டமாரிஸின் கையிலிருந்த மை தரையில் சிந்தியது.

"ஐயா! குதிரை இருக்கு! பதிவேட்டுல வேற மாதிரி..."

"பதிவேட்டை நானே பாத்தாச்சு. உங்க தலைவரையும் கேட்டாச்சு. நீ போய் மையைத் துடை," என்றார் குவில்டர். கடிதத்தில் முத்திரை வைத்து, காத்திருந்த தூதரிடம் கொடுத்தார். தூதர் இரண்டே எட்டில் வெளியே போனார்.

டமாரிஸ் பின்வாசல் வழியாக ஓடினாள். தூதர் வாசல் கதவை நெருங்குவதற்குள் அவள் அங்கே போய் நின்றுவிட்டாள். தூதரின் குதிரை காலையிலிருந்து ஓடிக் களைத்திருந்தது. வாயில் நுரை, கண்ணில் சோர்வு.

"அண்ணே, இது சாப்பிட்டுச்சா?"

"வழிவிடு பாப்பா, எனக்கு அவசரம்."

"உங்களுக்கு அவசரம். அதுக்குப் பசி! ராஜா வேலையா வந்த குதிரை ஓட்ஸ் சாப்பிடாம இந்த வாசலைத் தாண்டக் கூடாது. எங்க ஆபீஸோட முதல் சட்டமே அதுதான்!"

"சட்டம் சட்டம்தான்பா," என்றார் வாசல்காரர், கதவில் சாய்ந்தபடி.

வழக்கமாக மரக்காலைத் தலைதட்டித்தான் அளப்பார்கள். டமாரிஸ் தலைதட்டவில்லை. மலைபோலக் குவித்துத் தொட்டியில் கொட்டினாள். பாவம், குதிரை காதுவரை முகத்தைப் புதைத்துக்கொண்டது. இனி இடியே விழுந்தாலும் அது நகராது.

அவள் ஒரே ஓட்டமாக லாயத்துக்குப் போனாள். "ஜெட்ஜ் மாமா! ஜூனிப்பர் என்ன நிறம்?"

"சாம்பல்."

"பால் மாதிரி இருக்கே?"

"பால் மாதிரி சாம்பல். இது என்ன புதுக் கேள்வி?"

"கரண்டி எண்ணின குவில்டர் ஐயா பாத்தா என்ன நிறம்னு சொல்வாரு? வெள்ளைக் குதிரை இல்லைன்னு ஆபீஸையே மூடச் சொல்லி எழுதிட்டாரு!"

ஜெட்ஜ் தன் நெற்றியில் தானே ஒரு அறை விட்டார். "அடப்பாவி! நானே ஆபீஸுக்குப் பூட்டு வாங்கிக் குடுத்துட்டேனா?"

இருவரும் ஜூனிப்பரை அலுவலக ஜன்னலுக்கு இழுத்து வந்தார்கள். அதன் குட்டியும் பின்னாலேயே துள்ளி வந்தது. ஜூனிப்பர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, குவில்டரின் இறகுப் பேனாவை மெல்லத் தொடங்கியது.

"ஐயோ! இந்த வெள்ளைக் குதிரை எங்கேருந்து வந்துச்சு?"

"சாம்பல்!" என்று கத்தினார் ஜெட்ஜ்.

"யோவ், எனக்குக் கண்ணு தெரியும்! வெள்ளை!"

"கரண்டிக்கு வேணா வெள்ளைன்னு சொல்லிக்குங்க. குதிரைக்குச் சாம்பல்தான்!"

"சண்டை போடாதீங்க!" டமாரிஸ் குட்டியை முன்னால் தள்ளினாள். அது கரிபோலக் கறுப்பாக இருந்தது. "ஐயா, இது ஜூனிப்பரோட குட்டி. ஜூனிப்பரும் பிறக்கும்போது இப்படித்தான் இருந்துச்சாம். இது கண்ணைச் சுத்திப் பாருங்க."

குவில்டர் குனிந்தார். குட்டியின் கண்களைச் சுற்றி, மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல, மெல்லிய நரைமுடி வளையம்.

"முதல்ல அங்கதான் நரைக்கும். வருஷா வருஷம் நரைச்சுக்கிட்டே வந்து கடைசியில முழுக்க வெளுத்துடும். அதான் எங்க லாயத்துல வெள்ளைன்னு யாரும் எழுத மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்க. எல்லாமே சாம்பல்தான்."

"உங்க பொய்முடியக் கழட்டினா உங்களுக்கும் அதே கதைதான்," என்று முணுமுணுத்தார் ஜெட்ஜ்.

குவில்டர் அவசரமாகப் பொய்முடியைச் சரிசெய்துகொண்டார். பதிவேட்டை மறுபடி விரித்தார். சாம்பல், சாம்பல், சாம்பல்... அவர் விரல் ஒன்பதாவது சாம்பலில் நின்றது. முகம் வெளிறியது. "அந்தக் கடிதம்! போயிடுச்சே!"

"போகலைங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கு!" என்றாள் டமாரிஸ்.

மூன்று பேரும் ஓடினார்கள். குவில்டரின் பொய்முடி பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. அவர் நிற்கவே இல்லை. வாசலில் குதிரை தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. தூதர் ஒரு காலைச் சேணத்தின் அங்கவடியில் வைத்துவிட்டார்.

"நில்லுங்க! கடிதத்தைக் குடுங்க!"

பழைய கடிதம் நான்காகக் கிழிந்தது. அங்கேயே, ஓட்ஸ் பெட்டியின் மேலேயே, குவில்டர் புதியதை எழுதினார். "ஆறு வெள்ளை..." என்று ஆரம்பித்தார். ஜெட்ஜ் பலமாகத் தொண்டையைக் கனைத்தார். குவில்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு டமாரிஸைப் பார்த்தார்.

"'ஆறு சாம்பல் குதிரைகள். பார்க்க வெள்ளையாக இருக்கும்'னு எழுதுங்க," என்றாள் அவள்.

அப்படியே எழுதினார். அலுவலகத்தை மூடுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

மறுநாள் காலை தெருவெல்லாம் கூட்டம். போர்வை போர்த்திய அப்பா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜூனிப்பர் முன்னால் வர, ஆறு குதிரைகளும் தலையை ஆட்டியபடி ராஜாவின் வண்டியை இழுத்து வந்தன. டமாரிஸ் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

குவில்டருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கைகொட்டினாள். "அடடா, எவ்வளவு அழகான வெள்ளைக் குதிரைங்க!"

குவில்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சாம்பல், அம்மா," என்றார். "சாம்பல்."