வேகமாகிவிட்ட கணினி

அவள் அடித்த எழுத்துகள் திரைக்கு வரவில்லை. மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் வாங்கி, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. விரல்கள் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுக் காத்திருக்க, அது மாடிப்படி ஏறுகிற முதியவரைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் விசிறி இரைந்தது, சூடேறிய தூசியின் வாடை அடித்தது. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த அந்த மதியத்தில், மூன்றாம் மாடி வீட்டுக்குள் அந்த இரைச்சலும், கூடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தரதரவென்று இழுத்து விளையாடிய மகளின் மழலையும் தவிர வேறு சத்தமில்லை. பால்கனிக் கதவு சாத்தித்தான் இருந்தது.

கணினிப் பழுதுக்கடை வைத்திருக்கும் தம்பியைப் போனில் பிடித்தாள்.

"ஏன்டா, சரி பண்ணிட்டேன்னு சொல்லித்தானே குடுத்த? இது அசையவே மாட்டேங்குது."

"உன்கூட இருந்தா உன்னை மாதிரிதானேக்கா இருக்கும். என்னென்ன ஓடுதுன்னு காட்டும்ல, அதைத் திற. எது நிறைய மெமரி தின்னுதுன்னு பாரு."

திறந்தாள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் தின்றன. கடைசியில் இருந்த ஒன்று மட்டும் மிச்சம் அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரே இல்லையேடா."

"பேரில்லாதது நமக்கெதுக்கு? மூடிடு."

மூடினாள். விசிறி அடங்கியது. அடித்துப் பார்த்தாள், விரல் எடுப்பதற்குள் எழுத்து வந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது.

"சரியாயிடுச்சுடா" என்றாள். பதில் இல்லை. அவள் போனைக் கீழே வைக்கப் போகும்போதுதான், "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்று அவன் குரல் கேட்டது. சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். டம்ளர் கைக்கு அகப்படவில்லை. உள்ளங்கை மேசையில் பட்டு நனைந்தது. டம்ளரோ கண்ணெதிரே நிரம்பி, நேராக நின்றுகொண்டிருந்தது.

பிறகுதான் மகளின் சின்னக் கை மேசையோரம் எட்டி வந்தது. டம்ளரைத் தட்டியது. தண்ணீர் ஓடியது. டம்ளர் உருண்ட சத்தம் அதற்கும் பிறகு வந்தது.

மேசையோரம் நின்று சிரித்தவளை அள்ளப் போனாள். கைகள் காற்றை அணைத்தன. குழந்தை அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடந்து முடிந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது புரிந்தது. கண்ணும் காதும் பின்தங்கிவிட்டன. தொடுவது மட்டும்தான் இப்போதையது.

கணினிக்கு ஓடினாள். மூடியதைத் தேடினாள். அது இல்லை. அணைத்துப் போட்டாள். கணினி மட்டும் பின்தங்காமல், கண் சிமிட்டுவதற்குள் உயிர் பெற்று, என்ன வேண்டும் என்பதுபோல் காத்திருந்தது. அது இல்லை.

"பாப்பா, எங்கடா இருக்க? அம்மாகிட்ட வா."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அப்போது கன்னத்தில் ஈரக் காற்று பட்டது.

பால்கனிக் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது.

கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். கதவு தடுக்கவில்லை. சாத்திய கதவுக்குள் கை போனது. அவளும் போனாள். மழை முகத்தில் அறைந்தது. கண்ணுக்கு மழையே இல்லை. வெறும் பால்கனி. காய்ந்த தரை.

குனிந்து துழாவினாள். கைப்பிடிச் சுவரோரம் ஸ்டூல். கவிழ்ந்து கிடந்தது. நனைந்திருந்தது. அதன் அருகே துழாவினாள். மூலை மூலையாகத் துழாவினாள். யாரும் இல்லை.

கீழே தெருவில் ஒரு சத்தமும் இல்லை. இன்னும் வந்து சேரவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. ஸ்டூலை இழுத்துக்கொண்டு மகள் வந்தாள். அம்மாவின் கால்களை ஊடுருவிப் போனாள். சுவரோரம் அதைப் போட்டாள். ஏறினாள்.

அம்மா பிடித்தாள். மறுபடி பிடித்தாள்.

கைக்கு ஸ்டூல் கவிழ்ந்தே கிடந்தது. கண்ணுக்கு அது நேராக நின்றது. அதன்மேல் குதிகால் உயர்த்தி நின்ற குழந்தை, சுவரில் ஒரு முழங்காலை ஏற்றிக்கொண்டு, அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிக் கூடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.