படத்தில் இருக்கிறபடி

நேற்று வரை அந்தப் படகோட்டிக்கு ஐந்து விரலும் இருந்தன. இன்று காலை படத்துக்கு உட்கார வந்தவரின் இடது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் துணி தட்டையாகப் படிந்து, மெல்ல சிவந்துகொண்டிருந்தது.

"ஐயோ, என்னண்ணே ஆச்சு?" என்றாள் ஓவியக்காரி.

"இப்பதான்மா சரியாச்சு." சிரித்தபடி அவளுடைய படத்தைக் கண்ணால் காட்டினார். நேற்று மழை பிடித்துக்கொண்டதால் சுண்டுவிரலை வரையாமலே எழுந்து ஓடியிருந்தாள்.

ஒரு மாதம் தீவில் தங்க இடம், சாப்பாடு. பதிலுக்குத் தீவுக்காரர்களை வரைய வேண்டும். வந்திருந்த ஐந்து கலைஞர்களில் அவளுடைய தங்கையும் ஒருத்தி. பானை வனைகிறவள். வரவே மாட்டேன் என்றவளை, "ஓசிச் சோறுடி, கடல் காத்துடி" என்று நச்சரித்து இழுத்து வந்தது இவள்தான்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். உப்புக் காற்றிலும் டர்பன்டைன் நெடியிலும் கறிக்கடை வாடை கலந்திருந்தது. முன்தினம் பக்கவாட்டில் அவள் வரைந்த வலைக்காரி எதிரே வந்தாள். படத்தில் தெரிந்த பாதி முகம் அப்படியே இருந்தது. தெரியாத பாதியில் கட்டு. அந்தப் பக்கம் காது இருந்ததற்கான மேடுகூட இல்லை.

அவளுக்குத் தங்கையின் நினைவு வந்தது. நேற்று சாப்பாட்டு மேசையில், கூட வந்திருந்த கேலிச்சித்திரக்காரன் அவளை வரைந்திருந்தான். ஒரு காதிலிருந்து மறு காது வரை கிழிந்த வாய். "உன் தங்கச்சி சிரிப்பு இதுக்குள்ள அடங்கிச்சே, பெரிய விஷயம்" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான். அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. படத்தைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போனார்.

கூடத்திலிருந்து சாணை பிடிக்கும் சத்தம் வந்தது.

ஓடினாள்.

தங்கை நாற்காலியில் கட்டப்பட்டிருந்தாள். இரண்டு பேர் தலையைப் பிடித்திருந்தார்கள். சுவரில் படம். விடுதிக்கார அம்மாவின் கையில் கத்தி.

"அக்கா!"

படத்தின் மேல் பாய்ந்து உள்ளங்கையால் தேய்த்தாள். கரி கரைந்தது. வாய் போனது. மூக்கு போனது. கண்ணும் போனது.

"இல்ல! இப்படி ஒரு படமே இல்ல!"

விடுதிக்கார அம்மா படத்தை உற்றுப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். அவளுக்கு மூச்சு வந்தது.

அம்மா அலமாரியிலிருந்து அரத்தை எடுத்தார். மரம் ராவுகிற அரம். தங்கையின் மூக்கின் மேல் வைத்தார்.

"வேணாம்! இருங்க, நான் வரையறேன்! ஒழுங்கா வரையறேன்!"

"நிதானமா வரைங்கம்மா." அரத்தை வைத்துவிட்டு அம்மா மறுபடி கத்தியை எடுத்தார். "பாத்துப் பாத்துப் பண்றேன்."

கரித்துண்டை எடுத்தாள். தங்கையின் தாடையிலிருந்து தொடங்கினாள். கத்தி முனையும் அதே இடத்தில் வந்து நின்றது.

கை நடுங்கியது.

கோடு கோணியது.

கத்தியும் கோணியது.