காலப்பிரமாணம்

டிரம்ஸ் செட்டுக்குப் பின்னால் ஸ்டூல் காலியாக இருந்தது. ஆனால் டிரம்ஸ் கேட்டுக்கொண்டிருந்தது.

மஹிமா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்க் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில், படியிறங்கிப் போகிற நிலவறை கிளப் அது. மழையில் வந்தவர்களின் ஈரத் துணி வாசனையும், மீன் ஃப்ரையோடு வரும் காசுந்தி என்கிற கடுகுச் சட்னியின் நெடியும், தரையில் சிந்திக் காய்ந்த பியரின் புளிப்பும் ஏசிக் குளிரில் ஒன்றாகி, எங்கும் போக வழியில்லாமல் மேசைகளின் உயரத்திலேயே நின்றன. மேடையில் வெள்ளைக் குர்தா போட்ட வயதான கிட்டார்காரர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, தன்னை விட்டுப் போனவளைப் பற்றி இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தார். ஒரு வரியை இரண்டு முறை சொல்வார், மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார், பிறகு கிட்டார் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முதல் வரியிலேயே கொண்டுவந்து விடும். அதற்கு அடியில், பக்கத்துக் கட்டடத்தில் யாரோ தூண் இறக்குவதுபோல், டும், டும்.

"டிரம்மர் எங்க அஸ்வத்?"

"ரெக்கார்டிங் வெச்சிருப்பான்." அவள் மடியில் அசைந்த கையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "ஐயோ, இங்கயுமா தொடையத் தட்டற? சபா கச்சேரின்னு நெனச்சியா? மானத்த வாங்காத."

"இதே ஊர்ல, லேக் மார்க்கெட்ல பாட்டு கிளாஸ் போய் வளர்ந்த கை, சும்மா இருக்காது. கோயம்புத்தூர்க்காரனுக்கு என்ன தெரியும்?"

கல்யாணமானதிலிருந்து செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்தவனுக்கு, அது ஒழிந்த முதல் சனிக்கிழமை இது. அவன் இப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. இந்தச் சிரிப்புக்காகத்தான் மழையையும் பொருட்படுத்தாமல் கிளம்பி வந்தாள்.

மூன்றாவது பாட்டோ நான்காவதோ, அவள் கை பாட்டைவிட முந்திப் போயிற்று. தப்பு தன்மேல் என்று நினைத்துத் திரும்பத் தொடங்கினாள். மறுபடி முந்தியது. அவள் கை ஓடவில்லை. பாட்டுதான் எடுத்த காலப்பிரமாணத்தை விட்டு, சுற்றுக்குச் சுற்று தளர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து மேசையில் மாஷிமா, பெரியம்மா என்று கூப்பிடத் தோன்றும் வயதில் ஒரு பெங்காலி அம்மா கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் அந்தக் கை மிதப்பதுபோல் நின்றது. வெயிட்டர் சாய்த்த ஜக்கிலிருந்து தண்ணீர் விளக்கெண்ணெயைப்போல் கெட்டியாக இறங்கியது. பேச்சுச் சத்தம் கனத்து முனகலாயிற்று. மஹிமா அஸ்வத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கழுத்து நரம்பு துடித்தது. டும். வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி துடித்தது. டும்.

டிரம்ஸ் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அஸ்வத், எந்திரி. போலாம்."

"இரு... மஹி... நல்லா..."

வார்த்தை முடியவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். நனைந்த மணல் மூட்டை. "நிறுத்துங்க! தாமுன்! ப்ளீஸ்!" தெரிந்த மொழியிலெல்லாம் மேடையைப் பார்த்துக் கத்தினாள்.

கிட்டார்காரர் அவளைக் கனிவாகப் பார்த்தார்.

"ஆஸ்தே, தீதி. ஆஸ்தே." மெதுவாக, அக்கா, மெதுவாக என்று குழந்தையைத் தூங்கவைப்பவர்போல் சொல்லிவிட்டு, முதல் வரிக்குத் திரும்பினார். இன்னும் மெதுவாக.

அவன் கழுத்தில் நரம்பு எழும்பவே இல்லை.

வலது கையை அவன் நெஞ்சில் வைத்தாள். தட்டினாள். அவள் தாளம். அவள் வேகம். தட்டு. தட்டு. தட்டு.

அஸ்வத் தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவன்போல் மூச்சை இழுத்தான். உதட்டில் நிறம் திரும்பியது. "மஹி... என்னாச்சு?"

அழுதுகொண்டே சிரித்தாள். கையை எடுத்து அவன் முகத்தைத் தொட்டாள். அவ்வளவுதான். அவன் கண்கள் அப்படியே நின்றன.

திரும்பத் தட்டினாள். இன்னும் பலமாக. மூச்சு வந்தது. இடது கையால் மட்டும் அவனைப் படிப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். நாற்காலிகூட நகரவில்லை. தூக்க இரண்டு கையும் வேண்டும். வலது கையை எடுத்தால் அவன் இல்லை. தட்டினாள். தோள் எரிந்தது. மணிக்கட்டு மரத்தது. விட மாட்டேன். தட்டினாள். விட மாட்டேன்.

இடது கையை எதுவோ தொட்டது.

மாஷிமா. தரையில் ஊர்ந்து வந்திருந்தாள். கண்ணில் நீர், விழாமல் நின்றது. மஹிமாவின் இடது கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். உள்ளே சத்தமே இல்லை.

"ஆமாகேயோ, மா..." எனக்கும், அம்மா.

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இன்னொன்று. வெயிட்டர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தபடி வந்தான். கவுண்டரில் நின்றவர்கள் வந்தார்கள். ஜோடி ஜோடியாக வந்தார்கள். திறந்த வாய்கள். நீட்டிய கைகள். ஓர் அடி. நீண்ட இடைவெளி. ஓர் அடி.

"வேண்டாம். இவனை மட்டும். இவனை மட்டும் விடுங்க."

தட்டினாள்.

அவள் வலது மணிக்கட்டில் ஒரு குளிர்ந்த விரல் படிந்தது. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் பல.

அஸ்வத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளங்கை அவன் சட்டையிலிருந்து, ஒரு நூல் அளவு, மேலே எழும்பியது.