காலிப் பெட்டியின் முன்னால் வந்த பயம்

காலை ஒன்பதரை. வயலின் பழுதுபார்க்கும் கடைக்குள் வந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு வயலின் மாயமாகியிருந்தது.

"வார்னிஷ் பூசினா உலர்த்தற அறையில கொக்கியில மாட்டிடுவோம். காலிப் பெட்டி மேஜையில திறந்தே கிடக்கும், அதுதான் எங்க வழக்கம்" என்றார் முதலாளி. "காபி குடிச்சிட்டு அறையைத் திறக்கச் சொன்னேன். ஒரு கொக்கியில மட்டும் வயலின் இல்ல. ஈரக்குலையே நடுங்கிடுச்சு மேடம்! சாவி வார்னிஷ் பூசற இவகிட்ட மட்டும்தான் இருக்கு. கூட்டிட்டுப் போங்க."

வார்னிஷ்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். "கொக்கியைப் பாத்ததும் கை கால் வெலவெலத்துப் போச்சு. என் தலையிலதான் விழும்னு தெரியும்" என்றாள்.

தந்தி கட்டும் மச்சான், முதலாளி மனைவியின் தம்பி, கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். "கடைக்குள்ள வந்தேன், பெட்டி காலியா வாயைப் பொளந்துட்டுக் கிடந்துச்சு. எனக்குப் பகீர்னுச்சு! அப்புறம்தான் மாமா உள்ளேருந்து கத்தினார்."

மூன்று பேர், மூன்று பயம். எல்லாமே நிஜம் போலத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டரம்மா குழம்பிப்போய் உட்கார்ந்தார். முழங்கையில் இடித்தது இன்னொரு காலிப் பெட்டி.

"தம்பி, இதுவும் காலியா இருக்கே. பகீருங்குதா?"

மச்சான் சிரித்தார். "இதுக்கென்ன மேடம்? வயலின் உள்ள காயுது."

"அப்போ காலையில மட்டும் ஏன் பகீர்னுச்சு?"

சிரிப்பு நின்றுபோனது.

"பகீர்னு சும்மா வராது தம்பி. நினைக்காத கெடுதல் திடீர்னு தெரிஞ்சாதான் வரும். அவங்க ரெண்டு பேரும் கொக்கியைப் பாத்துப் பயந்தாங்க. நீங்க பெட்டியைப் பாத்தே பயந்தீங்களாம். வயலின் உள்ள இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். பயப்பட்ட மாதிரி நடிச்சீங்க, ஆனா பயப்பட வேண்டிய இடம் மாறிப்போச்சு."

மச்சான் வார்னிஷ்காரியை நோக்கிக் கை நீட்டினார். "இவளைக் கடையில கூட்டாளி ஆக்கப் போறேன்னு மாமா சொன்னார். என்னை விட்டுட்டு இவளையா? கை கழுவும்போது சாவியைக் கழட்டி வைப்பா, எடுத்துத் திறந்துட்டுத் திரும்ப வெச்சுட்டேன். வயலின் என் வீட்டுலதான் இருக்கு."

முதலாளி வார்னிஷ்காரியிடம் போய் நின்றார். "தப்பா நினைச்சுக்காத தங்கச்சி."

அதுவரை அழாதவள் அப்போதுதான் உடைந்து அழுதாள்.

"போலீசைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, 'நீயா எடுத்தே'ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே?"