தேவைக் கட்டணம்

டிக்கெட் எடுக்கப் போகுமுன் கண்ணாடி முன் நின்று நாலு தடவை சிரித்துப் பழகுவது மஸ்கட்டில் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. சொந்தக் கல்யாணத்துக்குப் போகிறவன்கூட எங்கே போனால் என்ன என்கிற மாதிரிதான் நிற்பான். இருதயமேரியும் அப்படித்தான் நின்றாள். ஆனால் அவரவர் அவசரத்தை அளந்து கட்டணம் போடும் தேவைமானி முகத்தை மட்டுமா பார்க்கிறது? நாடி பார்க்கும், ஊரிலிருந்து வந்த செய்திகளைப் படிக்கும், ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் துழாவும். ராயபுரத்தில் அவள் புருஷன் லூர்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது. சென்னைக்கு அவளிடம் இரண்டு வருடச் சம்பளம் கேட்டது. பின்னால் நின்றவனுக்கு, அதே விமானத்தில், ஒரு வாரக் கூலி.

பாழாய்ப்போன மானி கடைசியாகப் போய்ச் சேரும் ஊரைத்தான் கணக்கில் எடுக்கும். மேரி சென்னை வழியாகக் கொழும்புக்குக் கேட்டாள். கொழும்பில் அவளுக்கு யாரும் இல்லை, ஆகவே மலிவு. இப்படி நடுவழியில் இறங்குகிறவர்களைப் பிடிக்கத்தான் பயண நிறைவுச் சட்டம் வந்தது என்று தெரிந்தேதான் வாங்கினாள். வேறு என்ன செய்வாள்?

சென்னையில் வெளிக்கதவு, டிக்கெட் பதிந்த அவள் கைப்பட்டையைப் படித்துவிட்டுத் திறக்க மறுத்தது. கதவதிகாரி கோமகன் வந்தார்.

"கொழும்புல எறங்கிட்டு அப்புறம் திரும்பி வாங்க மேடம். நடுவுல எறங்குறது குத்தம்."

"ராயபுரம் இதோ இருக்குது சார். அவரு மூஞ்சிய ஒருவாட்டி பாத்துட்டு ஓடியாந்துடறேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. சென்னைக் கட்டணத்தைக் கட்டுங்க, கதவு தொறக்கும்."

திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு வருடம் மூன்றாகியிருந்தது. லூர்துவுக்கு இன்னும் மோசமாகிவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டாள்.

"வூட்டை எழுதித் தரேன் சார். ரேகை எங்க வெக்கணும், சொல்லு."

திரையில் பத்திரம் வந்தது. அவள் பெருவிரலை நீட்டியபோது கோமகன் தடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இருங்க, இருங்க! உங்க வீடு தப்பிச்சுது. இப்ப ஒரு வாரக் கூலிதான் காட்டுது. மத்தவங்களுக்கு உள்ள ரேட்டு. கட்டிட்டுப் போங்க மேடம்."

மேரி திரையையே பார்த்தாள். பெண்டாட்டிக்குச் சொல்லுமுன் மானிக்குச் சொல்லிவிட்டது ஆஸ்பத்திரி. அவளுக்கு இனிச் சென்னையில் அவசரம் எதுவும் இல்லையாம்.

கதவு திறந்தது. அவள் போகவில்லை. கோமகனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பழைய ரேட்டையே போடு சார். நான் கட்டிடறேன். பழைய ரேட்டையே போடு."