சிஞ்ஞோருக்குப் படைத்த முட்டை

இத்தாலியில், லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் தான் வேலை செய்யும் வீட்டுக் கதவைத் திறந்ததுமே குகனேஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்றைக்கும் கூழ்முட்டை நாற்றம்.

கூடத்து மேசையில் ஜப்பான் படங்கள் பரப்பிக் கிடந்தன. பனிச்சறுக்கு மலை, ஆவி பறக்கும் வெந்நீர்க் குளம், அந்த நீரிலேயே அவித்த கரிய முட்டைகள். வீட்டு முதலாளி சிஞ்ஞோருக்குக் கிழட்டு வயதில் பிடித்த பைத்தியம் அது. அங்கே போகுமுன் இப்போதே பழகுகிறேன் என்று தினமும் குளியல் தொட்டியில் ஊறிக் கிடப்பார். "பியூ கால்தா, குகா" என்று கத்துவார். இன்னும் சூடாக ஊற்று என்று அர்த்தம்.

ஊறியபடியே செத்தும் போனார். சுடுநீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டியோடு ஒட்டிய தோலைச் சுரண்டிக் கழுவியது குகனேஸ்வரிதான். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி சிஞ்ஞோரா ஜப்பான் பயணத்தை நிறுத்தவில்லை. அவர் இடத்தில் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். புருஷன் செத்து எட்டு நாள் ஆகவில்லை, கண்ணாடி முன் நின்று கம்பளிச் சட்டை போட்டுப் பார்க்கிறாள். சீ, என்ன மனுஷி!

"நாங்கள் வரும்வரை நீ இங்கேதான் படுக்க வேண்டும். பயமென்றால் சொல், வேறு ஆள் பார்க்கிறேன்" என்றும் சொல்லிவிட்டாள். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் போச்சு. அது இல்லாமல் யாழ்ப்பாணத்தில் நிற்கும் மகள் நிரோசினியை இங்கே கூப்பிட முடியாது.

அவள் பயத்துக்குக் கணவன் பேரின்பநாயகம்தான் வழி சொன்னான்.

"இஞ்சேர், ஆசையோட போன ஆள். எட்டு அண்டைக்கு விருப்பமானதைப் படைச்சுவிடு."

"இத்தாலிக்காரருக்கோ அப்பா?"

"செத்தாப் பிறகு ஆர் எந்த ஊர்? படைச்சதைச் சந்தியிலை கொண்டுபோய்ப் போட்டிட்டு வா. வாயிலை மட்டும் வைச்சிடாதை."

எட்டாம் நாள் மத்தியானம் சிஞ்ஞோரா வெளியே போனதும், குகனேஸ்வரி தொட்டியில் சுடுநீர் நிரப்பினாள். அவித்த முட்டை ஒன்றை உரித்து விளிம்பில் வைத்தாள்.

"வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ, சிஞ்ஞோர்."

குழாய் மூடித்தான் இருந்தது.

தண்ணீர் மெல்ல உயர்ந்தது.

யாரோ உள்ளே இறங்கி உட்கார்ந்ததுபோல் உயர்ந்து, விளிம்பைத் தாண்டி வழிந்து அவள் காலைச் சுட்டது. நீரின் மேல் வெள்ளையாக ஏதோ ஏடு படர்ந்தது.

வாசல் கதவில் சாவி திரும்பியது.

சிஞ்ஞோரா! இதைக் கண்டால் இன்றோடு வேலை சரி. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். செருப்புச் சத்தம் நெருங்கிவிட்டது. முட்டையை ஒளிக்க இடமில்லை. பதற்றத்தில் வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அது முட்டையாக இல்லை.

ஊறி நெகிழ்ந்த தோல். பல்லிடுக்கில் ஒரு மயிர் சிக்கியது. சிஞ்ஞோரா குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குகனேஸ்வரி அதை அப்படியே விழுங்கினாள்.

"ஜன்னலைத் திற. நாறுகிறது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நகரின் பழைய சந்தைப் பகுதியான கபோவில், குகனேஸ்வரியின் வீட்டுக் குழாயில் எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். தை மாதத்தில் அது எலும்பைக் குத்தும். அன்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றியும் அவளுக்குக் குளிரவில்லை. மேலில் பட்ட தண்ணீர் ஆவியாகப் பறந்தது. சோப்புப் போட்ட இடத்தில் கை வழுக்கியது. தோல் கையோடு வந்தது.

பேரின்பநாயகம் கதவைத் தட்டினான்.

"இஞ்சேர், இவ்வளவு நேரமா என்ன செய்யிறாய்? தண்ணி குளிரேல்லையோ?"

காப்பாற்றுங்கோ என்று கத்த வாயைத் திறந்தாள்.

"பியூ கால்தா, குகா" என்றது அவள் வாய், கிழவரின் குரலில்.